மூன்று வாரம் இருக்கிறது, அப்பாவை நடக்க விடுங்கள்

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 61 வயது, ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, நாற்பது வருடமாகப் பீடி. வலது நுரையீரலின் மேல் மடலில் புற்றுநோய் என்று உறுதியாகி, திருவனந்தபுரத்தில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். இன்னும் மூன்று வாரம். மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்து, தினமும் பழகணும், நல்லா நடக்கணும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டிலோ, நோயாளியை அசைக்கக்கூடாது, நடந்தால் கட்டி பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் அவரைக் கட்டிலிலேயே படுக்க வைத்திருக்கிறார்கள். பந்தை ஊதினால் போதுமா, நடக்கச் சொன்னது சரிதானா, பிறகு பழையபடி வேலைக்குப் போக முடியுமா என்று கேட்கிறார்.

இந்தக் கேள்விகளுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. டாக்டர்கள் செய்யவேண்டியதை அவர்கள் செய்வார்கள், அதுவரை எங்கள் கையில் ஏதாவது இருக்கிறதா, இல்லை சும்மா காத்திருக்க வேண்டியதுதானா? உங்கள் கையில் நிறைய இருக்கிறது. நான் இதய, நுரையீரல் நோயாளிகளோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட். நெஞ்சு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நோயாளிகளை உட்காரவும் நடக்கவும் இருமவும் வைப்பதுதான் பல வருடமாக என் தொழில். ஆனால் உங்கள் அப்பாவின் ஸ்கேனையும் மூச்சுத்திறன் சோதனையையும் ஈ.சி.ஜி.யையும் நான் பார்க்கவில்லை. நான் எழுதுவதற்கு மாறாக அவருடைய சர்ஜனோ மயக்க மருந்து டாக்டரோ ஏதாவது சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள்.

முதலில், எவ்வளவு நுரையீரல் போகப்போகிறது என்று பார்ப்போம். வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. இந்த மடல்களைச் சிறு கூறுகளாகப் பிரித்து, இரண்டு பக்கமும் சேர்த்து 19 என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். வலது மேல் மடலில் இருப்பவை 3. ஆக, மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவுதான் போகிறது. மீதி மடல்கள் விரிந்து அந்த இடத்தை ஓரளவு நிரப்பிக்கொள்ளும். ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் எடுத்த பிறகும் மனிதர்கள் வாழ்கிறார்கள். 1933 இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இவார்ட்ஸ் கிரகாம் என்ற சர்ஜன் புற்றுநோய்க்காக ஒருவரின் இடது நுரையீரலை முழுதாக எடுத்தார். அந்த நோயாளியும் ஒரு டாக்டர். அவர் திரும்பவும் வைத்தியம் பார்க்கப் போனார், ஏறக்குறைய 30 வருடம் வாழ்ந்தார். நீண்டகாலம் சிகரெட் பிடித்த கிரகாம், 1957 இல் நுரையீரல் புற்றுநோயால் அவருக்கு முன்பே இறந்துபோனார்.

ஆனால் இது எல்லாம் ஆறி முடிந்த பிறகு உள்ள கணக்கு. ஆபரேஷன் முடிந்த முதல் சில நாள் அப்படி இருக்காது. விலா எலும்புகளுக்கு நடுவே திறந்த இடம் வலிக்கும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார், இருமமாட்டார். மயக்க மருந்தின் மிச்சம் வேறு இருக்கும், சளி தேங்கும். நனைந்த பிளாஸ்டிக் கவரின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்வதுபோல, நுரையீரலின் அடிப்பகுதியில் உள்ள சிறு காற்றறைகள் மூடி ஒட்டிக்கொள்ளும். அங்கேதான் நிமோனியா பிடிக்கிறது. அந்த ஒரு வாரத்துக்கு நல்ல மடல்களும் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். அதைத் தாங்க எவ்வளவு தெம்பு மிச்சம் வைத்திருக்கிறார் என்பதுதான் ஆபரேஷனுக்கு முன் டாக்டர்கள் பார்க்கிற விஷயம். மூச்சுத்திறன் சோதனையில் சந்தேகம் வந்தால் படியேற வைத்துப் பார்ப்பதுகூட உண்டு. நிற்காமல் 22 மீட்டர் உயரம், அதாவது ஏறக்குறைய ஏழு மாடி, ஏறிவிடுபவருக்கு ஆபத்து குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சோதனை நுரையீரலை மட்டும் அளப்பதில்லை. இதயம், ரத்தம், தொடைத் தசை எல்லாம் சேர்ந்து எவ்வளவு இழுக்கும் என்று காட்டுகிறது. நுரையீரலை மூன்று வாரத்தில் மாற்ற முடியாது. மற்றவற்றை மாற்றலாம்.

இப்போது உங்கள் அப்பாவை நினைத்துப் பாருங்கள். விடியும் முன்பே எழுந்து, சரிவில் ஏறி இறங்கி, முந்நூறு மரத்தில் பால் வெட்டிய மனிதர். அந்தக் கால்களில் இருக்கும் பலம் பல நோயாளிகளுக்கு இல்லாத சொத்து. அவரைக் கட்டிலில் போட்டால் அந்த வயதில் தசை வேகமாகக் கரையும். சொந்தக்காரர்கள் பாசத்தால்தான் சொல்கிறார்கள், சண்டை போடவேண்டாம். ஆனால் நடந்தால் கட்டி பரவும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. படுக்க வைப்பதால் வரும் கெடுதலுக்கு ஆதாரம் ஏராளம்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று சொல்லிவிடுகிறேன். நுரையீரல் புற்றுநோய் ஆபரேஷனுக்கு முன் உடற்பயிற்சி செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2022 இல் காக்ரேன் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. 10 ஆய்வுகள், 636 பேர். பயிற்சி செய்தவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரல் சிக்கல் வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாளும் சுமார் இரண்டு குறைந்தது. என் துறையில் இவ்வளவு தெளிவான பலன் அடிக்கடி கிடைப்பதில்லை. ஆனாலும் அவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். ஓர் இடத்தில் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள், இன்னோர் இடத்தில் நடக்க வைத்தார்கள், நாள் கணக்கும் ஆளுக்கு ஆள் வேறு. எந்தப் பயிற்சி மிகச் சிறந்தது என்று அதைவைத்துச் சொல்ல முடியாது. ஆயுள் கூடும் என்றோ நோய் திரும்ப வராது என்றோ இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை, அப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள். இன்னொன்று, பயிற்சிக்காக ஆபரேஷன் தேதியை நீங்களாகத் தள்ளிப்போட வேண்டாம். கிடைத்த நாளில் செய்வதே போதும்.

எப்படி நடப்பது? வெயில் ஏறும் முன் வீட்டு முற்றத்திலோ ரோட்டிலோ ஐந்து நிமிடம் மெதுவாக ஆரம்பிக்கட்டும். அப்புறம் வேகத்தைக் கூட்டவேண்டும். மூச்சு வாங்கும், ஆனால் நான்கைந்து வார்த்தை சேர்த்துப் பேச முடியும் என்ற அளவு வரவேண்டும். சாவகாசமாகக் கதை பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் போதாது. ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றால் அதிகம். மூச்சுத் திணறலுக்குப் பூஜ்யம் முதல் பத்துவரை மதிப்பெண் போடச் சொன்னால் நான்கிலிருந்து ஆறு. அந்த வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம், பிறகு அதே நேரம் மெதுவாக, மறுபடி வேகம். இப்படி மொத்தம் அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாளாவது. ஒரே தடவையில் முடியாவிட்டால் பத்து பத்து நிமிடமாகப் பிரியுங்கள். உங்கள் ஊரில் சரிவுக்குப் பஞ்சமில்லை, இரண்டாவது வாரம் ஏற்றத்தில் நடக்கலாம். மழை பிடித்துக்கொண்டால் திண்ணையில் நடை, இல்லையென்றால் ஒரு படியில் ஏறி இறங்குவது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்காருவதை தினம் மூன்று நேரம் செய்யட்டும். பார்க்க அற்பமாகத் தெரியும். ஆபரேஷனுக்கு மறுநாள் கட்டிலிலிருந்து எழும்போது அந்தத் தொடைப் பலம்தான் உதவப்போகிறது.

நடுவில் நெஞ்சு வலி, தலைசுற்றல், படபடப்பு வந்தால் நிறுத்துங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால், அதில் ஆக்சிஜன் அளவு 88க்குக் கீழே போகும்போது நின்று இளைப்பாறட்டும். அப்படி அடிக்கடி ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள். சளியில் ரத்தம் வந்தால் அன்றைக்குப் பயிற்சியே வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் என்றால் வெறும் வயிற்றில் நடக்கக்கூடாது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கும், எலும்பில் ஏதாவது சந்தேகம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னவருக்கும் இந்த அளவு பொருந்தாது, கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும்.

இனி அந்தப் பந்துக் கருவி. நீங்கள் ஊதுவது என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அது ஊதுவதற்கான கருவி கிடையாது, உறிஞ்சுவதற்கானது. மூடிக்கிடக்கும் காற்றறை உள்ளே இழுக்கும் மூச்சில்தான் திறக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு, குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக நீளமாக இழுக்கவேண்டும். முதல் பந்து நொடிக்கு 600 மில்லிலிட்டர் வேகத்திலும், இரண்டாவது 900 இலும், மூன்றாவது 1200 இலும் எழும். மூன்றையும் படாரென்று மேலே தட்டிவிட்டு உடனே விழவைப்பதில் பயனில்லை. ஒன்றோ இரண்டோ பந்தை மூன்று நொடி மேலேயே நிறுத்தி வைப்பதுதான் நல்ல மூச்சு. விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை, பத்து மூச்சு. தலை கிறுகிறுத்தால் நடுவில் ஓய்வு கொடுங்கள். அதே சமயம், நடையும் நல்ல மூச்சுப் பயிற்சியும் ஏற்கெனவே இருக்கும்போது இந்தக் கருவியைக் கூடுதலாகச் சேர்த்ததால் சிக்கல் குறைந்ததாக ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. கண்ணால் பார்த்துப் பழக வசதி, அதனால் நானும் கொடுக்கிறேன். ஆனால் பந்து மூன்றும் ஏறிவிட்டது, இனி நடக்கவேண்டாம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

பலூன் ஊதச் சொல்பவர்கள் நம் பக்கத்தில் அதிகம். வேண்டாம். ஊதுவதால் காற்றறை திறக்காது. தையல் போட்ட நுரையீரலில் காற்றுக் கசிவு இருக்கும்போது உள்ளே அழுத்தம் ஏற்றுவது நல்லதும் இல்லை. பிராணாயாமம் பழகியவர் என்றால் மெதுவான நீள மூச்சைத் தொடரலாம். கபாலபாதி மாதிரி வேகமாக உதறித் தள்ளும் மூச்சையும், நெடுநேரம் மூச்சைப் பிடித்து வைப்பதையும் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் சரி என்று சொல்லும்வரை தள்ளிவையுங்கள்.

கருவி இல்லாமலே செய்யவேண்டிய பயிற்சி ஒன்று உண்டு, அதை இப்போதே நன்றாகப் பழகிவிடவேண்டும். விலாவின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து, மூக்கால் ஆழமாக இழுத்து, கை வெளியே தள்ளப்படுவதை உணரவேண்டும். மேலே போனதும் மூன்று நொடி நிறுத்தி, இன்னும் கொஞ்சம் மோந்து இழுத்து, பெருமூச்சாக விடவேண்டும். இப்படி மூன்று நான்கு. பிறகு சாதாரண மூச்சு. பிறகு வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய வைப்பதற்கு ஊதுவோமே, அந்த 'ஹா'வை இன்னும் பலமாக வயிற்றிலிருந்து தள்ளவேண்டும். சளி மேலே வரும். கடைசியாக ஒரு துவர்த்தை, அதாவது துண்டை, நாலாக மடித்து வலது விலாவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமல். தையல் இருக்கும் இடத்தை அப்படித் தாங்கிப் பிடித்தால் வலி குறையும், இருமும் தைரியம் வரும். மயக்கம் தெளிந்த காலையில் இதையெல்லாம் புதிதாகச் சொல்லிக்கொடுத்தால் யார் மண்டையிலும் ஏறாது. வீட்டில் இருபது நாள் செய்தவருக்கு உடம்பே செய்துவிடும்.

பீடியை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள், பெரிய விஷயம். ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்துவது நல்லது என்பது பரிந்துரை. மூன்று வாரம்தானே என்று நினைக்க வேண்டாம். கடைசி நேரத்தில் நிறுத்தினால் சளி கூடி ஆபத்தாகும் என்று ஒரு பழைய பேச்சு உண்டு, ஆய்வுகளில் அது நிற்கவில்லை. பார்க்க வருபவர்கள் முற்றத்தில் நின்று புகைக்க வேண்டாம் என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறைப் பக்கமும் அவர் போகவேண்டாம். சாப்பாட்டில், நோயாளி என்றால் கஞ்சி மட்டும் என்று வைத்துவிடாதீர்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம்வரை புரதம் தேவைப்படும், சிறுநீரகக் கோளாறு இல்லை என்றால். 55 கிலோ ஆளுக்கு 65 முதல் 80 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கும், நூறு கிராம் சாளை மீனில் 20 கிராம் வரும். மரச்சீனிக் கிழங்கு மட்டும் என்றால் வயிறு நிறையும், தசைக்கு ஒன்றும் கிடைக்காது. கூடவே சாளையோ சிறுபயறோ வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவரோடு யார் இருக்கப்போகிறார்கள் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். அங்கே பைஸ்டாண்டர் என்பார்கள். அந்த ஆள் இந்தப் பயிற்சிகளை அப்பாவோடு சேர்ந்து கற்றிருக்க வேண்டும். நிலைமை சரியாக இருந்தால் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி உட்காரவைத்து நடக்க வைப்பார்கள். நெஞ்சிலிருந்து குழாய் தொங்கும்போதே நடக்கச் சொல்கிறார்களே என்று பதற வேண்டாம், அது சரியான முறைதான். குழாயோடு உள்ள பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கக்கூடாது, நர்ஸ் சொல்லாமல் குழாயை மடக்கவோ கிளிப் போடவோ கூடாது. அதைவிட முக்கியம் வலி. நம் ஆட்கள், அதுவும் உழைத்துப் பழகிய ஆண்கள், வலியைச் சொல்வது அசிங்கம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். வலியோடு ஆழமாக மூச்சு இழுக்க யாராலும் முடியாது. பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்னால் வலி மருந்து ஆகிவிட்டதா என்று கேளுங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். படுத்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும், காலில் ரத்தம் உறைவதைத் தடுக்க. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியையும் பிசியோதெரபிஸ்ட் சொன்ன நாளிலிருந்து விடாமல் செய்யவேண்டும். வலிக்குப் பயந்து கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். பால்வெட்டுக்காரருக்கு அது பெரிய நஷ்டம்.

வேலை பற்றிக் கேட்டீர்கள். நெஞ்சைத் திறந்து செய்தார்களா, சிறு துளைகள் வழியாகக் கேமரா வைத்துச் செய்தார்களா என்பதைப் பொறுத்து நாள் மாறும். திறந்து செய்தால் ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக்கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள், அதற்கு மேலும் ஆகலாம். வீடு திரும்பிய மறுநாளே முற்றத்தில் நடை ஆரம்பித்து வாரா வாரம் கூட்டிக்கொண்டே போனால் பெரும்பாலானவர்களுக்கு மூச்சுத் தெம்பு திரும்புகிறது. ஆபரேஷனுக்குப் பிந்தைய பயிற்சி பற்றி 2019 இல் வந்த காக்ரேன் தொகுப்பில், பயிற்சி செய்தவர்கள் ஆறு நிமிடத்தில் மற்றவர்களைவிட சராசரியாக 57 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். இது உறுதி. அது முந்நூறு மரமாக மாறுமா என்று எந்த ஆய்வும் சொல்லாது. என் அனுபவத்தில், முன்பே உடம்பை உழைப்பில் வைத்திருந்தவர்கள் பாதி வேலைக்கு வந்துவிடுகிறார்கள், சிலர் முழு வேலைக்கும். பழைய டி.பி. தழும்பும் பீடியால் கெட்ட நுரையீரலும் உள்ளவர்களுக்கு அவ்வளவு சொல்ல முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ வேண்டிவந்தால் அந்த மாதங்களில் தெம்பு இறங்கும். அப்போது நடையைக் குறைக்கலாம், நிறுத்த வேண்டாம்.

வாராவாரம் எல்லை தாண்டிப் போய்வர முடியாது என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவது உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும், அங்கே கற்றுக்கொடுத்த பயிற்சிகளை எழுதி வாங்கிய தாளையும் அவரிடம் காட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், மஞ்சளோ பச்சையோ ஆன சளி, முந்தின நாளைவிடத் திடீரென்று கூடிய மூச்சுமுட்டு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சு தாறுமாறாக அடிப்பது, தையலில் சீழ், இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஓ.பி. நாள்வரை பொறுக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டு அன்றே கிளம்புங்கள். மூச்சுமுட்டு கடுமையாக இருந்தால் திருவனந்தபுரம்வரை போகவேண்டும் என்று நேரம் கடத்தாமல், பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் காட்டுங்கள்.